பலகை யார் தெருவில் நிற்கிறது?

கள ஆய்வுக்குப் போன ஒரு கிராமத்தில் 'மாதிரி கிராமம்' என்ற பலகை ஊர்த் தெரு முனையில் நின்றது. சிமெண்ட் சாலையும் அங்கேயே முடிந்தது. ஊரைவிட மக்கள் அதிகம் வாழும் காலனிக்கு மண்பாதைதான். அவர்களுடைய சுடுகாட்டுக்கு அதுவும் இல்லை.

பட்டியல் சாதியினர் பாதிக்கு மேல் வாழும் கிராமங்களுக்காகவே 2009-10இல் பிரதமரின் முன்மாதிரி கிராமத் திட்டம் வந்தது. முதலில் எடுத்த 1000 கிராமங்களில் 225 தமிழ்நாட்டில். குடிநீர், சாலை, கழிப்பறை எல்லாம் வேண்டும். அவை சலுகை அல்ல, உரிமை. ஆனால் வசதி வந்தால் சாதி போய்விடும் என்பது பொய். வேங்கைவயலில் தொட்டி இருந்தது. 2022 டிசம்பரில் அந்தத் தொட்டியில்தான் மலத்தைக் கலந்தார்கள்.

1998இல் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரம், ஊர்–சேரி என்ற வரைபடத்தையே கேள்வி கேட்டது: 100 வீடுகள், அதில் 40 பட்டியல் சாதியினருக்கு, எல்லாருக்கும் ஒரே சுடுகாடு. அதிலும் குறைகள் உண்டு. ஆனால் கேள்வி சரியானது.

இனி சான்றிதழ் தரும் முன் அதிகாரிகள் மூன்றைப் பார்க்கட்டும். தண்ணீர்த் தொட்டி ஒன்றா? சுடுகாடு ஒன்றா? எல்லாத் தெருவிலும் எல்லாரும் செருப்போடு நடக்க முடிகிறதா? இல்லையென்றால், அந்தப் பலகையைக் கழற்றுங்கள்.