ஒரு நாள் கூலியா, வருஷக் கணக்கா?



ஆத்தூர், காயல்பட்டினம், திருச்செந்தூர்ப் பக்கம் சரக்குப் போடப் போகும்போதெல்லாம் சமீப காலமாகக் கடைக்காரர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, ஒரு பையன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். கடையைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறேன், ஐயாயிரம் கொடுங்கள் என்கிறான். கொடுக்கலாமா, வேண்டாமா?"

நம்மில் இரண்டு கட்சி இருக்கிறது. சரக்கு நன்றாக இருந்தால் போதும், விளம்பரம் எதற்கு என்று பையனைக் கடைக்குள்ளேயே விடாதவர்கள் ஒரு கட்சி. யார் வந்தாலும் கேட்டதைக் கொடுத்து, கூடவே ஒரு பை நிறையப் பொருளும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம் ஒன்றும் நடக்கவில்லையே என்று புலம்புகிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டிலும் நாங்கள் இருந்து பார்த்திருக்கிறோம். இரண்டுமே சரியில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். கொடுக்கலாமா என்பதல்ல கேள்வி. எத்தனை நாளைக்கு அவன் நம்மோடு இருப்பான், எத்தனை நாளைக்கு நாம் அவனோடு இருப்போம் என்பதுதான் கேள்வி.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இது புதிய சங்கதியும் அல்ல. புன்னக்காயல் கடற்கரையில் இருந்துகொண்டு இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கோபால் பல்பொடி விளம்பரத்தை மனப்பாடமாகச் சொல்லாத பிள்ளை அந்நாளில் கிடையாது. இந்தியில் நடந்ததை இன்னும் விசேஷமாகச் சொல்ல வேண்டும். 1952இல் நமது அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்கு இடம் குறைத்தபோது, நேயர்கள் எல்லாம் சிலோன் ரேடியோ பக்கம் திரும்பினார்கள். அந்த வருஷமே 'பினாகா' பற்பசைக்காரர்கள் அமீன் சயானி என்ற இளைஞரை வைத்து வாரம் ஒரு பாட்டு நிகழ்ச்சி தொடங்கினார்கள். அதுதான் 'பினாகா கீத்மாலா'. முப்பது வருஷத்துக்கும் மேலாக அதே குரல், அதே நிகழ்ச்சி. பற்பசையின் பெயர் பின்னாளில் 'சிபாகா' என்று மாறியபோது நிகழ்ச்சியின் பெயரும் கூடவே மாறியது, குரல் மாறவில்லை. 2024 பிப்ரவரியில் அமீன் சயானி காலமானபோது பத்திரிகைகள் அவர் பெயரோடு அந்தப் பற்பசையின் பெயரையும் சேர்த்தே எழுதின.

நம் தமிழில் பி.எச். அப்துல் ஹமீது அவர்கள் தொலைக்காட்சியில் நடத்திய 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' பலருக்கு ஞாபகம் இருக்கும். நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னாலே விளம்பரதாரர் பெயரும் வாயில் வந்துவிடும். ஒரு நாள் கூலிக்கு ஆள் பிடித்துப் பேசவைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

இப்போது எங்கள் கதைக்கு வருகிறோம். இதில் எங்களுக்குப் பெருமை ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களுக்கு மொத்தக் கருவாட்டு வியாபாரம். மூட்டையாகத்தான் விற்றுக்கொண்டிருந்தோம். கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட் போட்டு வெளியூருக்குக் கூரியரில் அனுப்பலாம் என்பது எங்கள் இளையவர் யோசனை. நெத்திலியை மணலில் கொட்டிக் காயவைக்காமல், கால் நட்டு வலை விரித்து அதன்மேல் காயவைத்தோம். மணல் இல்லாத நெத்திலி என்பதுதான் எங்கள் பாக்கெட்டின் விசேஷம். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், அப்பா வள்ளத்தில் போகிறவர், முகத்துவாரத்தையும் வலை இழுப்பதையும் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னோம். அவன் வலையைக் காட்டி, நெத்திலியைக் கையில் அள்ளி உதறிக் காட்டி, ஒரு பொட்டு மணல் இல்லை பாருங்கள் என்றான். அன்றைக்கு அது முழு உண்மை.

மூன்றாம் நாள் முதல் போன் ஓயவில்லை. கையில் இருந்த முந்நூறு பாக்கெட்டும் போய்விட்டது. கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று இன்னும் எண்ணூறு பாக்கெட்டுக்குப் பணமும் வந்துவிட்டது. அது ஐப்பசி மாதம். மழை பிடித்துக்கொண்டது. காயவைக்க வெயிலும் இல்லை, கரைக்கு மீனும் சரியாக வரவில்லை. வந்த பணத்தைத் திருப்பி அனுப்ப மனம் வராமல், வெளியிடத்து வியாபாரி ஒருவரிடம் நெத்திலி வாங்கி, எங்கள் பாக்கெட்டில் போட்டு அனுப்பினோம். மேலாக இரண்டு பிடி எடுத்துப் பார்த்ததோடு சரி. நாற்பது வருஷம் கருவாடு பார்த்த கண்ணுக்கு அது தெரியாமல் போனது என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள். அவசரம்.

மணல் இருந்தது. வாங்கியவர்கள் எங்களை ஏசவில்லை. எங்களை அவர்களுக்கு யாரென்று தெரியாதே! பையனின் படத்துக்குக் கீழே வரிசையாக எழுதித் தள்ளிவிட்டார்கள். காசை வாங்கிக்கொண்டு மணலை விற்கிறான் என்று அவன் அப்பாவையும் சேர்த்து எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தான். சத்தம் போடவில்லை. ஒரு பாக்கெட்டைப் பிரித்துத் தராசுத் தட்டில் கொட்டினான்.

"அண்ணாச்சி, சரக்கு ஒங்க சரக்கு. பேரு எம் பேரு."

எங்களிடம் பதில் இல்லை. எண்ணூறு பேருக்கும் பணத்தைத் திருப்பினோம். அது பெரிய தொகைதான், ஆனால் தொகை பெரிதல்ல. பையன் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றான்; அதில் நாங்களே உட்கார்ந்து தவறு எங்களுடையது, பையன் பேரில் குற்றம் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றான். நம் குறையை நாமே ஊருக்குச் சொல்வதா என்று இளையவர் ஒரே பிடியாக நின்றார். கடையில் அன்று பெரிய தர்க்கம். கடைசியில் உட்கார்ந்து சொன்னோம். எல்லா வாடிக்கையும் திரும்பி வந்தது என்று கதை விடமாட்டோம். பாதிப் பேர் வந்தார்கள். பையனுக்கு வர வேண்டிய வேறு இரண்டு கடை விளம்பரமும் அந்த வருஷம் கைநழுவிப் போயிற்று. அதற்கு நாங்கள் ஈடு கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் பேரேட்டில் அவனுக்கு ஒரு பக்கம் திறந்தோம். மாதம் இவ்வளவு என்று ஒரு வருஷத்துக்குப் பேசி ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். படம் எடுக்கும் முன்னே கடைக்கு வந்து இருப்பைப் பார்ப்பான். இருநூறு பாக்கெட் இருந்தால் இருநூறு என்று படத்திலேயே சொல்லுவான். சரக்குச் சரியில்லை என்று பட்டால் அந்த மாதம் எங்களைப் பற்றிப் பேசமாட்டான். அப்படிப் பேசாத மாதத்துக்கும் பணம் உண்டு. இந்த ஒரு நிபந்தனையைத்தான் கேட்பவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். பேசுவதற்கு மட்டும் காசு என்றால் அவன் எப்படியும் பேசத்தான் செய்வான், அந்தப் பேச்சுக்கு மதிப்பு ஏது என்று கேட்கிறோம்.

பாக்கெட்டுக்கு இவ்வளவு கமிஷன் என்று வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தரகு நமக்குப் புதிதல்ல; தரகர் இல்லாமல் எந்த மார்க்கெட்டும் நடந்ததில்லை. ஆனால் தரகரைத் தரகர் என்று தெரிந்துதான் வாங்குபவன் பேரம் பேசுகிறான். இந்தப் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்துக் கேட்கிறார்கள். அதனால் கமிஷன் எங்களுக்குப் பிடிக்கவில்லை. வேறு தொழிலில் சரிப்படலாம்.

ஊர் ஊராய்ப் போய் ஒரே நாளில் நாலு கடையைப் புகழ்கிறவர்களைவிட, ஒரே இடத்தில் இருந்துகொண்டு ஒரே காரியத்தைச் செய்கிறவர்களுக்கே சனம் நிலைத்து நிற்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்காட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்து 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021 ஜூலையில் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. நமது கடற்கரையிலேயே 'தூத்துக்குடி மீனவன்', மூக்கையூரின் 'உங்கள் மீனவன்' போன்றவை இருக்கின்றன. இவர்களை எல்லாம் நாம் கூப்பிட்டு வைத்துக்கொள்ள முடியாது, கட்டுப்படியும் ஆகாது. நமக்கு வேண்டியது நம் தாலுகாவில் பத்தாயிரம் பேர் பார்க்கிற ஒரு பிள்ளை. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கொடிக்காலில் இருந்து கடை வரைக்கும் வருஷம் முழுக்கக் காட்டுவதற்கு அந்த ஊர்ப் பிள்ளையைவிட யார் பொருத்தம்?

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூனில் விளம்பர விதிமுறைகள் வந்தன. 2023 ஜனவரியில் சமூக ஊடகப் பிரபலங்களுக்குத் தனியாகவே வழிகாட்டுதல் வந்தது. காசு வாங்கியிருந்தாலும், காசில்லாமல் பொருள் மட்டும் வாங்கியிருந்தாலும், இது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்லியாக வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை பத்து லட்சம் வரை, மறுபடியும் செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. பேசியவனோடு முடிந்துபோவதில்லை, பேசவைத்தவருக்கும் உண்டு. ஆகவே இந்தக் கருவாடு தின்றால் சர்க்கரை நோய் போகும் என்றெல்லாம் யாரையும் சொல்லவைக்காதீர்கள். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும், பாக்கெட் போட்ட தேதியும் இல்லாமல் படம் எடுக்கவே விடாதீர்கள். இன்னொன்று, 2022 ஜூலை 1 முதல் வந்த விதிப்படி, ஒருவருக்கு வருஷத்தில் இருபதாயிரத்துக்கு மேல் பொருளாகவோ வேறு சலுகையாகவோ கொடுத்தால் பத்து சதவீதம் வரி பிடிக்க வேண்டும். விற்றுமுதல் ஒரு கோடிக்கு உட்பட்ட தனிநபர் வியாபாரிக்கு அதில் விலக்கு உண்டு. உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்த்துப் போன் செய்கிறவர்களின் பெயரையும் நம்பரையும் நமது நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது அவசியம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கை அரசு தடை செய்தபோது, லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்த பிள்ளைகள் விடிந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. அவர்களை நம்பியிருந்த கடைகளுக்கும் அதே கதிதான்.

பையனைப் பெரிய கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று சென்ற மாதம் காயல்பட்டினத்தில் ஒருவர் கேட்டார். போகட்டும். கருவாட்டைப் பொறுத்தவரை எங்களைத் தவிர வேறு யாருக்கும் பேசக் கூடாது என்பதுதான் தாளில் இருக்கிறது. எண்ணெய், சோப்பு, செல்போன் எதற்கு வேண்டுமானாலும் பேசிச் சம்பாதிக்கட்டும். எங்கள் கடைச் சிப்பந்திகளிலும் இருபது வருஷம் இருந்துவிட்டுத் தனிக்கடை போட்டவர்கள் உண்டு. அவர்கள் இன்றைக்கும் எங்களிடம்தான் மூட்டை எடுக்கிறார்கள்.

சித்திரையில் பையனின் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளத்து மீனை வைத்துத்தான் காயப்போட வேண்டும். அந்த இரண்டு மாதமும் பாக்கெட் விளம்பரம் வேண்டாம், வலை பின்னுவதையும் படகு பழுது பார்ப்பதையும் போடுகிறேன் என்கிறான். மாதத்துக்கு ஐந்நூறு கூட்டியும் கேட்கிறான். நாங்கள் சரி என்று சொல்லிவிட்டோம். இளையவருக்கு இன்னும் சம்மதம் இல்லை.