தந்தையின் வரவும் செலவும்

கோவையில் தனியார் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் அண்மையில் தந்தையானார். குழந்தையைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஞாயிறுதோறும் விடியும் முன்பே சிங்காநல்லூர் குளக்கரைக்குச் சென்று பறவைகளைப் படம்பிடிப்பவர் அவர். பேச்சுவாக்கில் கேமராவைப் பற்றிக் கேட்டேன். "லென்ஸை விற்றுவிட்டேன் ஐயா, மருத்துவமனைக் கட்டணத்துக்குக் கொஞ்சம் குறைந்தது" என்றார். அவர் குரலில் வருத்தத்தைவிடப் பெருமிதமே மிகுந்திருந்தது. பிள்ளைக்காகத் தன் விருப்பத்தைத் துறக்கும் தந்தை, நம் சமூகம் மெச்சும் உருவம் அல்லவா? ஆனால், பொருளாதாரம் கற்பித்துப் பழகிய எனக்கு அந்தத் துறவின் கணக்கைச் சரிபார்க்கத் தோன்றியது.

செலவு உண்மையானதே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் ஏறத்தாழ 64 விழுக்காடு அறுவைச் சிகிச்சை மூலமே நிகழ்ந்தன. கட்டணம் அதற்கேற்ப உயர்கிறது. பிறகு தடுப்பூசி, மருந்து, டயப்பர், பராமரிப்புக்கு ஓர் ஆள் என்று பட்டியல் நீள்கிறது.

நான் தந்தையான காலத்தில் இச்செலவுகளில் பல கண்ணுக்குத் தெரியவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. பத்தியச் சமையலையும் குழந்தையின் குளியலையும் என் மாமியார் பார்த்துக்கொண்டார். அவரது உழைப்புக்கு யாரும் விலையிடவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கிலும் அதற்கு இடமில்லை. இன்று தனிக்குடித்தனத்தில் அதே உழைப்பு மாதச் சம்பளமாக வெளிப்படுகிறது. செலவு புதிதாகத் தோன்றவில்லை. ஒளிந்திருந்தது வெளியே வந்திருக்கிறது.

பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் கேரி பெக்கர், ஒரு குடும்பம் செலவிடும் நேரமும் அதன் செலவுக் கணக்கில் சேர வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். குழந்தைக்குத் தரும் ஒரு மணி நேரம், சம்பாதிக்கவோ ஓய்வெடுக்கவோ பயன்பட்டிருக்கக் கூடிய ஒரு மணி நேரம். இதையே வாய்ப்புச் செலவு என்கிறோம்.

அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள்? 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடங்களையே செலவிடுகின்றனர். குடும்பத்தினரைப் பராமரிப்பதில் இது முறையே 137, 75 நிமிடங்கள். அப்பணியில் ஈடுபடும் ஆண்களின் எண்ணிக்கையும் குறைவு.

விடைபெறும்போது மாணவரின் மனைவியிடம், "நீங்கள் எதை விட்டீர்கள் அம்மா?" என்று கேட்டேன். வயலின் வகுப்பை ஐந்தாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். கணவர் அப்போதுதான் அதை நினைவுகூர்ந்தவர்போல் நிமிர்ந்து பார்த்தார். விற்ற லென்ஸுக்கு விலை கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. நின்றுபோன வயலினுக்கு இரண்டும் இல்லை.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. மகன் பிறந்த பிறகும் என் மாலை நேரச் சதுரங்கம் ஒருநாளும் தடைப்படவில்லை. வாரம் இரண்டு புத்தகங்கள் படித்துவந்த என் மனைவி நூலகத்துக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். அதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் உணர்ந்தேன்.

இது தனிமனிதர்களின் குறை மட்டுமன்று. சட்டமும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது வரவேற்கத்தக்கது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைத் தந்தையருக்கோ நாடு தழுவிய சட்ட உரிமை ஏதுமில்லை. நிறுவனம் மனமுவந்து தந்தால்தான் உண்டு. என் மாணவருக்குக் கிடைத்தவை மூன்றே நாள்கள். விடுப்பு தாய்க்கு மட்டுமே என்றாகும்போது, அதன் ஊதியச் சுமையை நேரடியாக ஏற்கும் நிறுவனம் இளம்பெண்களைப் பணியமர்த்தத் தயங்கும் அபாயமும் இருக்கிறது.

ஸ்வீடன் 1974-இலேயே பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுப்பை அளித்தது. தந்தையர் அதை அதிகம் பயன்படுத்தாததால், 1995-இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அது குடும்பத்துக்கு இழப்பு. நம்மிடம் இஎஸ்ஐ திட்டத்தின் கீழ் மகப்பேற்றுப் பலனைக் காப்பீட்டு நிதியே வழங்குகிறது. அதே வழியில் தந்தைக்கும் சில வாரங்கள் அளிக்கத் தொடங்கலாம். தமிழகத்தின் கருவள விகிதம் குறைந்துவிட்டதென்று கவலைப்படுவோர், குழந்தை பெற்றவர்களின் சுமையைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.

சட்டம் வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு, மகப்பேற்றையும் உள்ளடக்கிய மருத்துவக் காப்பீடு, எளிய ஆயுள் காப்பீடு ஆகிய மூன்றையும் குழந்தை பிறக்கும் முன்பே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. மகப்பேற்றுக் காப்பீட்டுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் கடைசி நேரத்தில் அது கைகொடுக்காது. பெண் குழந்தையென்றால் செல்வமகள் சேமிப்புக் கணக்கை ஆண்டுக்கு 250 ரூபாயிலும் தொடரலாம்.

வரவு - செலவுத் திட்டத்தில் நேரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரத்தில் மூன்று மணி நேரம் தந்தைக்கு. அதே மூன்று மணி நேரம், குறையாமல், தாய்க்கு. லென்ஸை மீண்டும் வாங்கச் சில ஆண்டுகள் ஆகலாம். வயலின் வகுப்பை வரும் வாரமே தொடங்கலாம். குழந்தையைத் தந்தை வைத்துக்கொண்டால் போதும்.