ஐந்து முறை உழைக்கும் தண்ணீர்



சென்ற மாதம் எங்கள் மதரஸாவில் ஒரு சிறுவன் என்னைத் திகைக்க வைத்தான். ஒரு முறை ஒளுச் செய்த நீரைக் கொண்டு மீண்டும் ஒளுச் செய்யலாகாது என்று முந்தைய நாள்தான் பாடம் நடத்தியிருந்தேன். அவன் எழுந்து, “ஹஜ்ரத், குந்தா அணைத் தண்ணீரில் ஐந்து முறை மின்சாரம் எடுத்துவிடுகிறார்களாமே! அதில் ஒளுச் செய்யலாமா?” என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. சக்கரத்தைச் சுற்றியதால் நீரின் தூய்மை கெடுவதில்லை என்று விளக்கினேன். ஆனால், “ஐந்து முறை” என்று அவன் சொன்னது எத்தனை சரியான கணக்கு!

உதகை என்றதும் பூங்காவையும் மலை ரயிலையும் நினைத்துக்கொள்ளும் நீங்கள், ஒரு முறையேனும் தென்மேற்கே திரும்பி எமரால்டு, மஞ்சூர், கெத்தை வழியே இறங்கிப் பாருங்கள். மேல்பவானி அணையின் நீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து அவலாஞ்சி மின்நிலையத்தைச் சுற்றுகிறது. பின்னர் அவலாஞ்சி – எமரால்டு இரட்டை ஏரிகளில் தங்குகிறது. அங்கிருந்து குந்தா, அடுத்து கெத்தை, அதற்கும் கீழே பரளி, கடைசியாகப் பில்லூர். ஏறத்தாழ 6,000 அடி இறங்குவதற்குள் ஒரே நீருக்கு ஐந்து இடத்தில் வேலை! ஐந்து நிலையங்களின் திறனையும் கூட்டினால் 555 மெகாவாட். அத்துடன் முடிந்ததா? பில்லூரிலிருந்து கோவை மாநகரம் குடிக்கிறது. எஞ்சியது பவானிசாகரை அடைந்து ஈரோட்டு வயல்களுக்குப் பாய்கிறது.

இம்மலையின் முதல் மின்திட்டம் இதுவன்று. 1932இலேயே பைக்காரா மின்சாரம் கோவைப் பஞ்சாலைகளை ஓட்டத் தொடங்கிவிட்டது. குந்தா வேலை, காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டு உதவியுடன் தொடங்கிற்று. அதனால்தான் ‘கனடா பவர் ஹவுஸ்’ என்ற பெயர் இன்றும் மஞ்சூர்ப் பக்கத்து மக்களின் வாயில் நிற்கிறது.

விளக்கு எரிந்தது, ஆலை ஓடியது. ஆயினும் ஏரியின் அழகைப் பார்த்துப் பரவசப்படுகிறவர்கள் அதன் அடியில் கிடப்பதை எண்ணுவதில்லை. இந்த நீர்த்தேக்கங்கள் பலவற்றுள் தோடர்களின் மந்துகளும் எருமை மேய்ந்த புல்வெளிகளும் மூழ்கிக் கிடக்கின்றன. புல்வெளியும் சோலைக்காடும் சதுப்பும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைத்து, கோடையிலும் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்றன. அந்தப் புல்வெளிகளில் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டுவைத்தது வேறொரு சோகக் கதை. இன்னொரு மாதம் எழுதுகிறேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, மண் சரிந்து, சாலைகள் துண்டிக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். மலைக்கும் தாங்கும் எல்லை உண்டல்லவா?

இப்போது புதிய முறை ஒன்று வந்துள்ளது. வெயிலும் காற்றும் தரும் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் ஏரியின் நீரை மேல் ஏரிக்கு ஏற்றிவிட்டு, தேவை மிகும் மாலையில் திறந்துவிடுவார்கள். எமரால்டிலிருந்து போர்த்திமந்துக்கு நீரேற்றும் குந்தாத் திட்டம் 500 மெகாவாட் திறனுடையது. அங்கே ஏரிகள் முன்பே இருக்கின்றன. மஞ்சூர்ப் பக்கத்துச் சில்லஹல்லா ஓடையில் முன்வைக்கப்பட்ட 1,000 மெகாவாட் திட்டமோ புதிய அணைகளைக் கேட்கிறது. உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் நிலம் போய்விடும் என்று விவசாயிகள் எதிர்த்து வந்துள்ளனர். மின்சாரம் வேண்டாம் என்று நான் எழுதமாட்டேன். இதை எழுதும் மேசையிலும் விளக்கு எரிகிறது. ஆயினும், இருக்கும் ஏரிகளை முழுமையாகப் பயன்படுத்தும் முன்பே புதிய பள்ளத்தாக்கை மூழ்கடிப்பது முறையாகாது என்பதே என் எண்ணம்.

அண்மையில் மஞ்சூரில் லுஹர் தொழுதுவிட்டு, மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய வாப்பா அணை கட்ட மலபாரிலிருந்து கல் சுமக்க வந்தவர்.

“அணை வந்ததால்தான் ஹஜ்ரத், எங்களுக்கு இந்த ஊரே கிடைத்தது” என்றார். சற்றுப் பொறுத்து, “முப்பது வருடமாக எனக்குக் கிழங்கு மூட்டை தரும் படகர் ஒருவர், நிலத்தை எடுக்கக் கூடாது என்று மனுக் கொண்டுவந்தார். வாப்பாவை நினைத்துக்கொண்டேன். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்” என்றார்.