வீடு திரும்புவதும் குணமடைவதும் ஒன்றல்ல: தொற்றுக்குப் பிந்தைய மனநலச் சுமையைத் தாங்கும் குடும்பங்கள்

புது தில்லி: கரோனா பெருந்தொற்றுக் காலத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டு வந்த அட்டவணையில் ‘குணமடைந்தோர்’, ‘வீடு திரும்பியோர்’ ஆகிய இரு தரப்பினரும் ஒரே கட்டத்தில்தான் எண்ணப்பட்டனர். படுக்கைகளைக் கணக்கிட வேண்டியிருந்த நிர்வாகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால், இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை அதன் பின்னர் வெளியான ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக உணர்த்தி வருகின்றன. தொற்று நீங்கிய பிறகும் மறதி, கவனச் சிதறல், தூக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவற்றுடன் வாழ்பவர்கள் உள்ளனர். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு இந்தியாவில் ஏறத்தாழ முழுவதும் குடும்பத்தையே சார்ந்திருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு யார் துணை நிற்கிறார்கள் என்ற கேள்விக்குத்தான் இதுவரை தெளிவான விடை இல்லை.

உலக சுகாதார அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வரையறையின்படி, கரோனா தொற்று தொடங்கி வழக்கமாக 3 மாதங்களுக்குப் பிறகு காணப்பட்டு, குறைந்தது 2 மாதங்கள் நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகளே கரோனாவுக்குப் பிந்தைய பாதிப்பாகும். பேச்சுவழக்கில் இது ‘லாங் கோவிட்’ எனப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) பல மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 14,419 பேரைத் தொலைபேசி வாயிலாக ஓராண்டு வரை பின்தொடர்ந்தது. 2023-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, வீடு திரும்பியவர்களில் 6.5 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் உயிரிழந்திருந்தனர். 17.1 சதவீதத்தினருக்குச் சோர்வு, மூச்சுத் திணறல், கவனக் குறைவு உள்ளிட்ட தொல்லைகள் இருந்தன. இவர்கள் அனைவரும் மருத்துவமனையில் அனுமதிக்கப்படும் அளவுக்கு நோயுற்றவர்கள். ஆகவே, வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொண்டு மீண்ட கோடிக்கணக்கானவர்களுக்கு இந்த விகிதத்தை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

மனநலம் சார்ந்த விரிவான தரவுகள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமிருந்து கிடைத்தன. பெரும்பாலும் அமெரிக்க நோயாளிகளைக் கொண்ட 2,36,379 பேரின் மின்னணு மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த அவர்கள், கரோனா தொற்றுக்குப் பிந்தைய 6 மாதங்களில் மூவரில் ஒருவருக்கு நரம்பியல் அல்லது மனநலப் பாதிப்பு பதிவாகியிருந்ததை 2021-இல் சுட்டிக்காட்டினர். சுமார் 13 சதவீதத்தினருக்கு அதுவே வாழ்நாளில் முதல் முறை.

ஓராண்டு கழித்து, ஏறத்தாழ 12.8 லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு அதே குழுவினர் நடத்திய அடுத்த ஆய்வு இன்னும் நுட்பமானது. பிற சுவாசத் தொற்றுகளுக்கு ஆளானோருடன் ஒப்பிடுகையில், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான கூடுதல் அபாயம் ஓரிரு மாதங்களில் நீங்கிவிடுகிறது. நினைவாற்றல், கவனம் சார்ந்த குறைபாடுகள், வலிப்பு, முதியோரின் மறதி நோய், மனப்பிறழ்வு ஆகியவற்றுக்கான அபாயமோ 2 ஆண்டுகளுக்குப் பின்னரும் கூடுதலாகவே இருக்கிறது என்பது அதன் முடிவு.

இந்த வேறுபாடு மருத்துவர்களைவிடக் குடும்பத்தினருக்கே அதிகம் பயன்படக்கூடியது. அழுதுகொண்டிருப்பவரை நோயாளி என்று வீட்டார் எளிதில் புரிந்துகொள்வார்கள். அடுப்பை அணைக்க மறப்பவரையும், சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்பவரையும், அலுவலகக் கணக்கில் பிழை விடுபவரையும் அப்படிப் புரிந்துகொள்வது அரிது. சோம்பல், அலட்சியம், மனம் வைக்காமை என்ற சொற்களே அவர்கள் மீது விழுகின்றன.

மூளைக்காய்ச்சல் விட்டுச் சென்ற தடம்

தொற்று நீங்கிய பிறகும் நோய் தொடரும் என்பது இந்தியாவுக்குக் கரோனா கற்பித்த புதிய பாடமன்று. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. இந்தியாவில் மனிதர்களிடம் இந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-இல், வேலூர் பகுதியில். நெல் வயல்களில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்களே இதைப் பரப்புகின்றன. வைரஸ் பெருகுவது பன்றிகளிலும் நீர்ப்பறவைகளிலும்தான். மனிதருக்குத் தற்செயலாகவே தொற்றுகிறது.

தொற்றுக்கு ஆளாவோரில் மிகச் சிலருக்கே மூளைக்காய்ச்சல் உண்டாகிறது. அப்படி உண்டானால் உயிரிழப்பு 30 சதவீதம் வரை செல்லக்கூடும் என்றும், மூளைக்காய்ச்சலுக்கு ஆளானோரில் 30 முதல் 50 சதவீதத்தினருக்கு நிரந்தரமான நரம்பியல் அல்லது மனநலப் பாதிப்பு ஏற்படலாம் என்றும் உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. உயிர் பிழைத்த குழந்தை நடக்கத் தடுமாறலாம், பேச்சு குழறலாம், வலிப்பு தொடரலாம். இவை கண்ணுக்குத் தெரிபவை. காரணமின்றிச் சினம் கொள்வதும், ஓரிடத்தில் அமராமல் திரிவதும், படித்ததை மறப்பதும் அதே மூளைக் காயத்தின் விளைவுகளாக இருக்கலாம் என்பதை ஒருவர் எடுத்துச் சொன்னாலொழிய வீட்டாரால் அறிய முடியாது.

2005-இல் கோரக்பூரை மையமாகக் கொண்டு உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில் பரவிய மூளைக்காய்ச்சலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் குழந்தைகள். அந்தத் துயரத்துக்குப் பின்னரே 2006-இல் பெருந்திரள் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. நாடாளுமன்றத்தில் பேசப்பட்டதும் தொலைக்காட்சிகளில் காட்டப்பட்டதும் இறப்புகளைத்தான். பிழைத்துத் திரும்பிய குழந்தைகளின் பிந்தைய ஆண்டுகள் அந்த அளவுக்குப் பேசுபொருளாகவில்லை.

அரசு அதை முற்றிலும் மறந்துவிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அசாம், பிகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், தமிழ்நாடு ஆகிய 5 மாநிலங்களின் 60 மாவட்டங்களுக்காக 2012-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மூளைக்காய்ச்சல் தடுப்புத் திட்டத்தில் சுகாதாரம், குடிநீர், ஊட்டச்சத்து, வீட்டு வசதி ஆகியவற்றோடு சமூக நீதி அமைச்சகமும் இணைக்கப்பட்டது. உயிர் பிழைத்தோரின் மறுவாழ்வும் அதன் நோக்கங்களில் ஒன்று. தொற்றைக் கட்டுப்படுத்தும் திட்டத்துக்குள் ஊனத்தையும் மறுவாழ்வையும் சேர்த்தது இந்திய நிர்வாகத்தில் அரிதான முன்னுதாரணம். கரோனாவுக்கு வகுக்கப்பட்ட திட்டங்களில் இத்தகைய நீண்ட பார்வை இடம்பெறவில்லை என்பது விநோதமே.

அமிர்தசரஸ் கூடாரங்கள்

குடும்பத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக்கும் முறையில் இந்தியா பிற நாடுகளுக்கு முன்னோடி. மனநோயாளிகளை உறவினரிடமிருந்து பிரித்து மதிலுக்குள் அடைப்பதே உலக வழக்கமாக இருந்த 1950-களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து நோயாளிகளுடன் குடும்பத்தினரையும் தங்க வைத்தார். உறவினர்கள் நோயைப் பற்றிக் கற்றனர். நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினர். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் நோயாளியுடன் குடும்பத்தினர் ஒருவர் தங்கும் முறையைக் கைக்கொண்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் பின்னர் குடும்ப மனநல சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவையே ஏற்படுத்தியது.

இதில் கருணை மட்டுமன்றிக் கட்டாயமும் இருந்தது. படுக்கைகள் குறைவு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் அதனினும் குறைவு. உறவினர் உடனிருந்தால்தான் நோயாளியைக் கவனிக்க முடியும் என்ற நிலை. இன்றும் இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 என்ற விகிதத்தில்தான் மனநல மருத்துவர்கள் உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. பற்றாக்குறையில் பிறந்த ஏற்பாடு பலன் தந்தது என்பதற்காகப் பற்றாக்குறையையே ஒரு கொள்கையாகக் கொண்டாட முடியாது. இந்தியக் குடும்ப அமைப்பின் பெருமையைப் பேசும் பல உரைகள் தவறவிடும் இடம் இதுவே.

குடும்பத்தின் மனப்போக்கு நோயின் போக்கை மாற்றுகிறது என்பதற்கு அறிவியல் சான்று உண்டு. மனச்சிதைவு நோயாளிகளின் உறவினர்களை சண்டிகரிலும் லண்டனிலும் ஒப்பிட்டு 1987-இல் வெளியான ஆய்வு, சண்டிகர் குடும்பங்களில் நோயாளியைக் குறைகூறுவதும் பகைமை காட்டுவதும் குறைவாக இருந்ததைப் பதிவு செய்தது. இவை மிகுந்த வீடுகளில் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு அதிகம் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் வெளிப்பட்ட உண்மை. தொற்றுக்குப் பின் மறதியோடும் எரிச்சலோடும் வாழ்பவரின் வீட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தக்கூடியதே. ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்று நம்பும் தாயும், ‘மூளையில் ஏற்பட்ட காயம் இப்படிச் செய்ய வைக்கிறது’ என்று அறிந்த தாயும் ஒரே குழந்தையை இருவேறு விதமாக நடத்துவார்கள்.

அந்த அறிவை வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்ல மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. காஞ்சிபுரம், கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2014-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. உள்ளூரைச் சேர்ந்த, மருத்துவப் பட்டம் இல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள், வல்லுநர்களின் மேற்பார்வையில் வீடுகளுக்குச் சென்று நோயாளிக்கும் பராமரிப்பாளருக்கும் வழிகாட்டினர். மருத்துவமனை சிகிச்சை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் இவர்களின் நோய்க்குறிகளும் செயலிழப்பும் 12 மாதங்களில் சற்றே கூடுதலாகக் குறைந்தன. பலன் பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால், மருத்துவ வசதி குறைந்த காஞ்சிபுரத்தின் ஊரகப் பகுதியில்தான் அது மிகுதியாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

சட்டத்தில் உள்ளது, வீட்டில் இல்லை

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 18-ஆவது பிரிவு, அரசு வழங்க வேண்டிய சேவைகளின் பட்டியலில் மனநோயாளியின் குடும்பத்துக்கு ஆதரவளிக்கும் சேவைகளையும் வீடுசார் மறுவாழ்வையும் வெளிப்படையாகவே சேர்த்துள்ளது. சொற்களில் குறையில்லை. நடைமுறையிலோ, 2015-16-இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநலப் பாதிப்புடைய வயதுவந்தோர் 10.6 சதவீதம், பாதிப்பின் வகையைப் பொருத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதத்தினருக்குச் சிகிச்சையே கிட்டவில்லை. நோயாளிக்கே சிகிச்சை எட்டாதபோது பராமரிப்பாளருக்கு ஆதரவு எட்டியிருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவை இந்த இடைவெளியில் ஒரு சிறு பாலம். 14416 என்ற எண்ணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். நோயாளிக்காக உறவினரும் அழைக்கலாம். எனினும், தொலைபேசியில் ஆறுதல் கூறலாமே தவிர, வலிப்பு வரும் குழந்தையை விட்டு இரண்டு மணி நேரம் வெளியே சென்றுவர ஒரு தாய்க்கு மாற்றாள் தர முடியாது.

தாய் என்று குறிப்பிடுவது தற்செயலன்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடங்கள். குடும்பத்தினரைப் பராமரிப்பதில் இது முறையே 134, 76 நிமிடங்கள். குடும்பம் சார்ந்த மனநலப் பராமரிப்பு என்று கொள்கை ஆவணங்கள் எழுதும்போது, பெரும்பாலும் ஒரு பெண்ணின் ஊதியமற்ற உழைப்பையே அவை குறிக்கின்றன. நீண்ட காலம் நோயாளியைப் பராமரிப்போர் தாமே மனச்சோர்வுக்கு ஆளாவதை மனநல ஆய்வுகள் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளன.

உதவித்தொகை பெறும் வழியும் எளிதன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அறிவுசார் குறைபாடு, மனநோய், நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்கிறது. ஆனால், சட்டத்தின் முக்கியச் சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு சான்றளிக்கப்பட வேண்டும். மூளைக்காய்ச்சலுக்குப் பின் கை கால் முடங்கிய குழந்தைக்கு அந்தச் சான்று கிடைக்கக்கூடும். காலையில் தெளிவாகவும் மாலையில் சொல் தடுமாறியும் இருக்கும் லாங் கோவிட் நோயாளி, சான்றளிக்கும் வாரியத்தின் முன் அமரும் அரைமணி நேரத்தில் நலமாகவே தோன்றலாம்.

மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 98-ஆவது பிரிவு, மனநல நிலையத்திலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் முன், தொடர் சிகிச்சை குறித்து நோயாளியுடனும் அவரது பிரதிநிதி, குடும்பத்தினர் அல்லது பராமரிப்பாளருடனும் மருத்துவர் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. மூளைக்காய்ச்சலுக்காகக் குழந்தைகள் வார்டில் இருந்தவரும், கரோனாவுக்காகப் பொது வார்டில் இருந்தவரும் மனநல நிலையத்திலிருந்து வீடு திரும்புவோர் அல்லர் என்பதால் அவர்களுக்கு அந்த விதி பொருந்தாது.