பழைய வீடு விற்பனைக்கு... மண்ணுக்கு விலை உண்டு, வீட்டுக்கு விலை இல்லை!

வேப்பம்பட்டு:-

'பழைய வீடு, மனையுடன் விற்பனைக்கு'. புறநகரில் இப்படி ஒரு போர்டு தொங்கினால் பார்க்க வருகிறவர்கள் இரண்டு ரகம். ஒருவர் "எத்தனை கிரவுண்டு?" என்று கேட்பார். இன்னொருவர் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பார். பெரும்பாலும் ஜெயிப்பது கிரவுண்டு கணக்கு கேட்டவர்தான். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால் திண்ணையும் இருக்காது, முற்றமும் இருக்காது.

சென்னை-அரக்கோணம் ரெயில் பாதையில் ஆவடி, திருநின்றவூரைத் தாண்டியதும் வருகிறது வேப்பம்பட்டு. 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி தென்னிந்தியாவின் முதல் ரெயில் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தப் பாதையில்தான். அந்த ராயபுரம் ஸ்டேஷனை 2005-ல் பழமை மாறாமல் புதுப்பித்தார்கள். ஆனால் அதே பாதையை ஒட்டிய ஊர்களில் இருக்கும் பழைய வீடுகளைப் பற்றி யாரும் கேட்பது இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி டேங்க் பேக்டரி என்று வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் குடியேறக் குடியேற, வயல்கள் பிளாட் ஆகின. மனை விலை ஏறியதும் அடுத்து கண் படுவது ஊருக்குள் இருக்கும் ஓட்டு வீடுகள், காரை வீடுகள் மேல்தான்.

கட்டிடத்துக்கு கிட்டத்தட்ட பூஜ்யம்

ஏன் இடிக்கிறார்கள்? காரணம் ரொம்ப எளிது. பழைய வீடு விற்கும்போது பேரம் பேசுவது மண்ணுக்குத்தான். கட்டிடத்துக்கு வயசு ஏற ஏற மதிப்பைக் கழித்துக்கொண்டே வருவார்கள். 80 வருடம், 100 வருடம் ஆன வீடு என்றால் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது.

பேங்க் லோனிலும் இதே கதைதான். 'இந்தக் கட்டிடம் இன்னும் எத்தனை வருடம் நிற்கும்?' என்று என்ஜினீயர் எழுதிக் கொடுக்க வேண்டும். சுண்ணாம்புக் காரை, மரச்சட்டம் என்றதும் பேங்க் யோசிக்கும். லோன் குறையும், இல்லாவிட்டால் கிடைக்கவே கிடைக்காது.

ஆக, குடியிருக்க ஆசைப்படும் குடும்பத்துக்குப் பணம் புரளாது. இடித்து அடுக்குமாடி கட்ட வருகிறவர் முழுப் பணத்தோடு வருவார். அதோடு, இடிக்கும் காண்டிராக்டர் தேக்குக் கதவு, தூண், ஜன்னல் கம்பி, இரும்பு உத்தரம் எல்லாவற்றுக்கும் விலை பேசி எடுத்துக்கொள்வார். நிற்கிற வீட்டுக்கு விலை இல்லை. அதையே உடைத்துத் துண்டு துண்டாக விற்றால் காசு. இதுதான் வேடிக்கை.

செட்டிநாட்டில் நடந்தது

இதைப் பெரிய அளவில் பார்த்த ஊர்கள் காரைக்குடி வட்டாரத்தில் இருக்கின்றன. பர்மா வியாபாரத்தில் சம்பாதித்த நகரத்தார், பர்மா தேக்கைக் கொண்டுவந்து அரண்மனை மாதிரி வீடுகள் கட்டினார்கள். 2-ம் உலகப்போரோடு அந்த வியாபாரம் சரிந்தது. பிள்ளைகள் சென்னை, வெளிநாடு என்று பிரிந்து போனார்கள். ஒரே வீட்டுக்கு பத்து, இருபது பங்காளிகள் ஆகிவிட்டார்கள். யார் ஓட்டை மாற்றுவது, யார் செலவைக் கொடுப்பது?

விளைவு, எத்தனையோ வீடுகள் இடிந்தன. தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. தப்பித்த சில வீடுகள் ஓட்டல் ஆகின. கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் தன் மகளுக்காகக் கட்டிய 'விசாலம்', கடியாபட்டியில் உள்ள 'சிதம்பர விலாஸ்' ஆகியவற்றில் இன்று சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் இடம் பிடித்தன.

ஆனால் வேப்பம்பட்டு ஓட்டு வீட்டை ஓட்டல் ஆக்க முடியாது. இங்கே ஒரு பழைய வீட்டைக் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு. அதில் ஒரு குடும்பம் குடியிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் எப்படி?

அங்கே பழைய தேவாலயம், பள்ளிக்கூடம், மாவு மில் எல்லாம் கிராமத்துக் குடும்ப வீடாக மாறி விற்பனைக்கு வருவது சாதாரணம். 1963-ல் வந்த 'பீச்சிங் அறிக்கை' 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரெயில் ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. அப்படி மூடிய ஸ்டேஷன்களில் பலவற்றை வாங்கி வீடாக்கிக் குடியேறி விட்டார்கள்.

காரணம் பாசம் மட்டும் இல்லை, சட்டமும்தான். 1700-க்கு முன்பு கட்டி, பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் கட்டிடம் எல்லாமே பாதுகாப்புப் பட்டியலில் வரும். 1700-க்கும் 1850-க்கும் இடையே கட்டியவற்றில் பெரும்பாலானவையும் வரும். அனுமதி இல்லாமல் இடித்தால் கிரிமினல் குற்றம். இடிக்க முடியாது என்று ஆனபிறகு, வாங்குகிறவர் மண்ணோடு சேர்த்து வீட்டுக்கும் விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இங்கே சட்டம் யாரைக் காப்பாற்றுகிறது?

சென்னை அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை எல்.ஐ.சி. 2006-ல் இடிக்கத் தொடங்கியது. வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. இடிக்கக்கூடாது என்று 2010-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி பத்மநாபன் கமிட்டி 400-க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டிடங்களுக்குப் பட்டியல் போட்டிருந்ததும் அந்தத் தீர்ப்புக்குக் கை கொடுத்தது. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் நிறைவேறியது.

மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால், 100 மீட்டருக்குள் புதுக்கட்டிடம் கட்டத் தடை. அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வாங்க வேண்டும்.

இவை எல்லாம் கோபுரத்துக்கும் கோட்டைக்கும், மவுண்ட் ரோடு மாளிகைக்கும் சரி. புறநகர் கிராமத்தில் தாத்தா கட்டிய முற்றம் வைத்த வீட்டுக்கு எந்தப் பட்டியலும் இல்லை. அதற்காக கோர்ட்டு படி ஏறவும் ஆள் இல்லை.

ஆசைப்பட்டு வாங்குவோர் உஷார்!

அப்படியும் பழைய வீட்டை வாங்கிக் குடியிருக்க நினைக்கும் குடும்பங்கள் இருக்கத்தான் செய்கின்றன. வாழ்நாள் சேமிப்பைப் போடும் முன்பு அவர்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் மண் யாருடையது? கோவிலை ஒட்டிய பழைய தெருக்களில் வீடு குடியிருப்பவருக்கும், அடிமனை கோவிலுக்கும் சொந்தமாக இருப்பது உண்டு. அறநிலையத்துறை அனுமதி இல்லாமல் கோவில் மனையை விற்க முடியாது. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி ரிஜிஸ்தர் ஆபீசிலும் மறுத்துவிடுவார்கள். அட்வான்ஸ் கொடுத்தபிறகு இது தெரிந்தால் அலைச்சல்தான்.

இரண்டாவது, வாரிசுகள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை உண்டு என்பதை 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்துவிட்டது. அண்ணன், தம்பி கையெழுத்து மட்டும் போதாது. கட்டிக்கொடுத்த அக்கா, தங்கைகளின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் பின்னால் வழக்கு வரும்.

மூன்றாவது, பத்திரம். ஆன்லைனில் வில்லங்கச் சான்று 1975-ல் இருந்துதான் பார்க்க முடியும். அதற்கு முந்தைய விவரத்துக்கு ரிஜிஸ்தர் ஆபீசில் தனியாக மனு போட வேண்டும். கிராம நத்தம் என்றால் நத்தம் பட்டாவையும் பார்க்க வேண்டும்.

செலவையும் மறக்கக்கூடாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்ச ரூபாய் சொத்து என்றால் 2 லட்சத்து 70 ஆயிரம் அதற்கே போய்விடும். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு.

சிமெண்ட் பூசினால் சுவர் காலி

"150 வருஷத்து வீடு சார்" என்று புரோக்கர் அளந்துவிட்டால் கூரையைப் பார்த்தாலே கொஞ்சம் தெரிந்துவிடும். மங்களூர் ஓட்டுக்கு முதல் பேக்டரி வந்ததே 1865-ல்தான். ஓட்டின் அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். ஓடு பிறகு மாற்றியதாகவும் இருக்கலாம். அதனால் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

உத்தரத்திலும் நிலைக்கதவிலும் கரையான் இருக்கிறதா என்று தச்சரைக் கூட்டி வந்து தட்டிப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசவே கூடாது. உள்ளே ஏறிய ஈரம் வெளியே போக வழி இல்லாமல் சுவர் உதிர ஆரம்பித்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் வாங்கினால் அவருக்கு என்ன மிச்சம்? வெயில் காலத்தில் குளிர்ச்சியான வீடு, பிள்ளைகள் ஓடியாட முற்றம், வழியில் போகிறவர் உட்காரத் திண்ணை. இதற்குக் கணக்குப் புத்தகத்தில் விலை இல்லை.

அந்த விலையைப் போட வேண்டியது அரசும் பேங்கும்தான். பழுது பார்த்துக் குடியிருக்கிறவருக்கு லோனும், வீட்டு வரியில் சலுகையும் கிடைத்தால் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவரும் பேரத்தில் நிற்க முடியும். அதுவரை 'விற்பனைக்கு' போர்டு தொங்கும் ஒவ்வொரு பழைய வீட்டுக்கும் பின்னாலேயே ஜே.சி.பி. நிற்கிறது என்றுதான் அர்த்தம்.