நின்றுபோன காரும் ஊகத்தின் விலையும்

ஓடிக்கொண்டிருந்த கார் காலி வீதியின் நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் மீண்டும் ஸ்ரார்ட் ஆகவில்லை. பின்னால் நிற்கும் பஸ்ஸின் சாரதி ஹோர்னிலிருந்து கையை எடுப்பதாக இல்லை. கூடிய நாலைந்து பேரில் ஒருவர் ‘பற்றரி’ என்கிறார். இன்னொருவர் ‘பெற்றோல் பம்ப்’ என்கிறார். மூன்றாமவர், பிளக் மாற்றி எவ்வளவு காலம் என்று விசாரணையே தொடங்கிவிடுகிறார். எவரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. இந்தக் கூட்டம் செய்யும் வைத்தியத்துக்கும் எமது கராஜ்கள் பலவற்றில் நடைபெறும் வைத்தியத்துக்கும் பெரிய வேறுபாடு கிடையாது என்பதே எனது குற்றச்சாட்டு. கூட்டம் காசு கேட்பதில்லை, அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், கழித்துவிட்டிருக்க வேண்டிய கார்களையெல்லாம் மக்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இறக்குமதி திறந்த பின்னரும் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டுப் பழைய காருக்கே திரும்பியவர்கள் அநேகர். ஆகவே, இன்று எமது வீதிகளில் இடைவழியில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் வயதானவை. அவற்றுக்கான பாகங்களைப் பஞ்சிகாவத்தையில் தேடினால், புதியது எது, கழற்றி விற்கப்படுவது எது, போலி எது என்று பிரித்தறிவதே தனிக் கலை. இத்தகைய நிலையில் ஊகத்தின் பேரில் ஒரு பாகத்தை மாற்றி, அது சரிவராதபோது அடுத்ததை மாற்றுவது வாகனச் சொந்தக்காரரின் பணத்தை வைத்து ஆடும் சூதாட்டமாகும்.

உண்மையில் இந்த நோயைக் கண்டறிவது, நாம் நினைப்பதுபோல மர்மமான வித்தையன்று. முதல் சாட்சி சாரதிதான். கார் எப்படி நின்றது? மின்குமிழை அணைத்ததுபோல ஒரே கணத்தில் நின்றதா, அல்லது இருமி, விக்கி, இழுக்க மாட்டாமல் நின்றதா? முன்னையது மின்சாரக் கோளாற்றையும் பின்னையது எரிபொருள் போதாமையையும் சுட்டுவது வழக்கம். இது திட்டவட்டமான விதியல்ல. ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்பதைச் சொல்லும். நின்றபோது முன்பலகையின் விளக்குகள் எரிந்தனவா, எல்லாமே ஒருசேர இருண்டனவா என்பது அடுத்த கேள்வி. எல்லாமே இருண்டிருந்தால், பற்றரியின் முனைகளையும் பிரதான பியூஸையும் சாவி ஆளியையும் பார்க்காமல் பெற்றோல் பம்பைக் கழற்றுவதில் அர்த்தம் இல்லை.

அதன் பின்னர் சாவியைத் திருப்பும்போது எழும் ஒலி. ஸ்ரார்ட்டர் சுழலவே இல்லையெனில் கதை ஒன்று. வழமைபோலச் சுழன்றும் இயந்திரம் பற்றிக்கொள்ளவில்லையெனில் கதை வேறு; அங்கே பற்றரியைக் குறைகூறுவது பொருந்தாது. வழமையைவிட இலேசாகவும் வேகமாகவும் சுழன்றால் ரைமிங் பெல்ற் அறுந்திருக்கக்கூடும். அப்போது மேலும் மேலும் சாவியைத் திருப்புவது, பல இயந்திரங்களில் வால்வுகளை வளைத்து, சிறு செலவைப் பெருஞ்செலவாக்கிவிடும். வெள்ளம் நின்ற வீதியில் காரை இறக்கி அது நின்றிருந்தால் சாவியைத் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், நீர் அமுங்காத காரணத்தால் உள்ளேயுள்ள தண்டு வளையும்.

ஸ்ரார்ட்டர் ஒழுங்காகச் சுழல்கிறது, கார் மட்டும் ஓடவில்லை என்றால், எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் ஆகிய மூன்றில் எது இல்லை என்பதே கேள்வி. மூன்றும் உரிய நேரத்தில் சந்திக்கவும் வேண்டும். எரிபொருளைப் பீய்ச்சும் முறையிலான பெற்றோல் கார்கள் பலவற்றில், சாவியை ‘ஒன்’ நிலைக்குத் திருப்பியதும் பின் ஆசனத்தின் கீழிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பம்ப். கேட்காவிட்டால் பியூஸ், ரிலே, வயர், பம்ப் என்ற வரிசையில் பார்க்கலாம். தாங்கியின் அடியில் கையால் ஓங்கித் தட்டியதும் கார் உயிர்பெற்றால், பம்ப் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது நல்ல தடயம், வைத்தியம் அல்ல. பம்ப் ஒலிக்கிறது, தீப்பொறி மட்டும் இல்லையென்றால், இயந்திரத்தின் சுழற்சியைக் கணினிக்கு அறிவிக்கும் கிராங் சென்சரின் பக்கம் சந்தேகம் திரும்புகிறது. அந்தச் சமிக்ஞை வராவிட்டால் எப்போது பொறியை ஏற்றுவது என்று கணினிக்குத் தெரியாது.

இங்கேதான் மடியில் வைத்துப் பார்க்கும் ஸ்கானர் கருவி வருகிறது. கூடவே புதிய மூடநம்பிக்கை ஒன்றும் வருகிறது. கருவி ‘பி 0335’ என்று காட்டியதும் சென்சரை மாற்றிவிடுகிறார்கள். அந்தக் குறியீடு சொல்வது கிராங் சென்சரின் மின்சுற்றில் கோளாறு உண்டு என்பதை மாத்திரமே. சுற்று என்றால் சென்சர், அதன் வயர், இணைப்பி, கணினி வரை எல்லாமே அடங்கும். பச்சை பூத்த இணைப்பி அப்படியே இருக்கப் புதிய சென்சரைப் பொருத்தினால் கார் அடுத்த வாரமும் நிற்கும். நீதிமன்றச் செய்திகளை நீண்ட காலம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாட்சியின் வாக்குமூலத்தைத் தீர்ப்பாக அச்சிடும் பத்திரிகையாளனை ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கராஜில் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

மிகக் கடினமானது, சூடேறியதும் நின்று, ஆறியதும் ஒன்றும் நடவாததுபோல ஓடும் கார். சென்சருக்குள் இருக்கும் நுண்ணிய கம்பிச்சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு விடும். அரை மணி நேரத்தில் ஆறி மீண்டும் சேரும். இழுத்துச் செல்லும் வாகனம் வந்து சேர்வதற்குள் நோய் மறைந்துவிடுகிறது. மெக்கானிக் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஐயா, கார் நல்லாத்தானே இருக்கு’ என்கிறார். சாரதிக்குத்தான் பைத்தியம் என்ற முடிவோடு விடயம் அடங்கிவிடுகிறது.

இது எமது ஊர்க் கதை மட்டுமன்று. 1983 முதல் 1995 வரையான போர்ட் வாகனங்கள் பலவற்றில், தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மொடியூல் சூடான இயந்திரத்தின் டிஸ்ரிபியூற்றரிலேயே பொருத்தப்பட்டிருந்தது. சூட்டில் அது செயலிழந்து கார்கள் ஓட்டத்தில் நின்றன, ஆறியதும் ஓடின. கோளாறு கண்டுபிடிக்கப்படவில்லை என்று கூறி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் கலிபோர்னிய நீதிபதி ஒருவர் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2001இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

ஜெனரல் மோட்டர்ஸின் கதை இதனிலும் கொடியது. சாவி ஆளியின் பிடிமானம் போதாமையால், கனமான சாவிக்கொத்தோ முழங்கால் இடியோ ஓடும் காரை அணைத்துவிடும். அணைந்தால் காற்றுப்பையும் விரியாது. 2005இல் அந்நிறுவனம் விற்பனையாளர்களுக்கு வழங்கிய அறிவுரை, சாவிக்கொத்திலிருந்து தேவையற்றவற்றைக் கழற்றச் சொல்லுங்கள் என்பது! 2006இல் பாக இலக்கத்தை மாற்றாமல் ஆளியை மட்டும் திருத்தினார்கள். ஆகையால், பழையதும் புதியதும் ஒன்றென்று எண்ணி ஆராய்ந்தவர்கள் வழிதவறினார்கள். 2014இல்தான் கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. நட்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் மாத்திரம் 124. ஓட்டத்தில் கார் நிற்பதை நிறுவனம் பாதுகாப்புப் பிரச்சினையாகக் கொள்ளவில்லை, வாடிக்கையாளரின் வசதிக்குறைவாகவே வகைப்படுத்தியிருந்தது என்று பின்னர் நடந்த விசாரணை கூறியது. ‘திரும்ப ஓடுதுதானே’ என்று நாம் கராஜில் கேட்கும் சொல்லும் அந்த வகைப்படுத்தலும் ஒன்றுதான். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் இயந்திரம் நின்றால் ஸ்டியரிங் கனத்துப்போகும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மூச்சில் அழுத்தி ஓரத்துக்கு வருவதே உசிதம்.

பாகங்கள் இல்லாத காலத்தில் எமது மெக்கானிக்குகள் எப்படி இருந்தார்கள் என்பதை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் தடை வந்தது. ஒஸ்ரின் ஏ 40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது என்பதால், காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கரி படிந்த பிளக்குகளை ஓயாமல் துடைத்தார்கள். கார் நின்றால் காரணத்தை யோசித்தே ஆகவேண்டியிருந்தது; மாற்றுவதற்குக் கடையில் எதுவும் இருக்கவில்லை. அந்தக் காலத்தை நான் போற்றவில்லை. அது கொடுமையான காலம். ஆனால் அன்று கட்டாயத்தினால் வளர்ந்த சிந்தனை, பாகங்கள் வந்து குவிந்ததும் ஏன் தேய்ந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

காரணம் நாமும்தான். நாம் பாகத்துக்குப் பணம் கொடுக்கிறோம். கண்டறிவதற்குக் கொடுக்க மறுக்கிறோம். இரண்டு மணி நேரம் மீற்றரைப் பிடித்து வயர்களைச் சோதித்து, துருப்பிடித்த ஓர் இணைப்பியைச் சுத்தம் செய்து காரைத் திருப்பித் தருபவரிடம், ‘ஒன்றுமே மாற்றவில்லையே, இதற்கு இவ்வளவா?’ என்று பேரம் பேசுகிறோம். அதே கையோடு, தேவையில்லாத பம்பை மாற்றியவருக்கு முழுத் தொகையையும் எண்ணிக் கொடுக்கிறோம். பின்னர் அவர் ஏன் மீற்றரைக் கையில் எடுக்கவேண்டும்?

ஆகவே காரை விடும்போது நின்ற விதம், சூடாக இருந்ததா, எத்தனை நிமிடத்தில் மீண்டும் ஓடியது, மழையா வெயிலா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குறியீடுகளைப் படித்து எழுதிக்கொள்ளும் முன்னர் பற்றரியைக் கழற்றவோ குறியீடுகளை அழிக்கவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். அழித்தால் தடயமும் போய்விடும். ஹைபிரிட் காராயின் செம்மஞ்சள் நிற வயர்களைப் பயிற்சி இல்லாத எவரும் தொடக்கூடாது. சோதனைக்கான கூலியை முன்கூட்டியே தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தையும் தவறாமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கார் மறுபடியும் நின்றால், அதே பாகத்தை மேசையில் வைத்துப் பேச்சைத் தொடங்கலாம்.