வாழைப்பழத்துக்கு ஒரு சுற்றறிக்கை

பிப்ரவரி 2017ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. டைப் 1 நீரிழிவு உள்ள மாணவர்கள் பொதுத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, வாழைப்பழம், ஆப்பிள், சாண்ட்விச், அரை லிட்டர் தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டுபோகலாம் என்றது அது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு பிள்ளை மயங்கி விழாமல் தேர்வு எழுதுவதற்கு வாழைப்பழத்துக்குக்கூட டெல்லியிலிருந்து உத்தரவு வர வேண்டியிருந்தது என்றால், நம் பள்ளிகள் இந்த நோயை எந்த அளவுக்கு அறிந்திருக்கின்றன என்பது புரிந்துவிடும். ஜூலை 2023ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் மாநில அரசுகளுக்கு எழுதியது. வகுப்பிலேயே ரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளவும் இன்சுலின் போட்டுக்கொள்ளவும் இடைவேளைக்கு முன்பே ஏதாவது சாப்பிடவும் அனுமதியுங்கள் என்று.

அனுமதி கிடைத்துவிட்டது. எப்போது சாப்பிட வேண்டும், எத்தனை யூனிட் போட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சுற்றறிக்கைகள் தொடாத விஷயம் இதுதான்.

டைப் 1 என்பது பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் அல்ல. இனிப்பு தின்றதாலோ உடல் பருத்ததாலோ வருவதும் அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதன் பிறகு வெளியிலிருந்து இன்சுலின் போட்டால்தான் உயிர். மாத்திரையோ பாகற்காய்ச் சாறோ அதற்கு ஈடாகாது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 14 வயது வரையுள்ள சுமார் 95,600 குழந்தைகளுக்கு இந்த நோய் இருந்தது. வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் மருத்துவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு ஒரு மணி நேரம். மீதி 8,759 மணி நேரமும் நோயாளியே மருத்துவர். இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜாஸ்லின். நோயாளிகளுக்கென்றே 1918ல் ஒரு கையேடு எழுதினார். அப்போது இன்சுலினே கண்டுபிடிக்கப்படவில்லை. டொரன்டோவில் இன்சுலின் கிடைத்த பிறகு, ஆகஸ்ட் 1922ல், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ் ஃபிரெடெரிக் பான்டிங்கிடம் சிகிச்சைக்கு வந்தார். பட்டினிச் சிகிச்சையில் எலும்பும் தோலுமாகிப்போன 14 வயதுப் பெண். ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்ட அவர், கல்லூரிக்குப் போனார், திருமணம் செய்துகொண்டார், 1981 வரை வாழ்ந்தார்.

கட்டுப்பாடு எவ்வளவு முக்கியம் என்பதில் நீண்ட காலம் இருந்த சந்தேகத்தை 1993ல் வெளியான அமெரிக்க ஆய்வு தீர்த்துவைத்தது. 13 முதல் 39 வயது வரையிலான 1,441 பேரை வைத்து நடந்த ஆய்வு. ஒரு நாளைக்குப் பல முறை ஊசி போட்டும் அடிக்கடி சோதித்தும் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களில், கண் விழித்திரை பாதிப்பு புதிதாகத் தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அதே சமயம் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது ஏறக்குறைய மூன்று மடங்காகியது. அதாவது, கற்றுக்கொள்ளாதவர் கையில் இதே சிகிச்சை ஆபத்தாகிவிடும்.

என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு வெளிநாட்டுப் புத்தகங்கள் நிறையப் பக்கம் ஒதுக்குகின்றன. இந்தியாவில் முதல் பாடம் வேறு. இங்கே மருந்துக்கடையில் இரண்டு வகை இன்சுலின் புட்டிகள் கிடைக்கின்றன. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றது. இரண்டுக்கும் தனித்தனி ஊசிக்குழல். 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழலில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 அல்ல, 25 யூனிட். இரவில் இந்தத் தவறு நேர்ந்தால் காலையில் பிள்ளையை எழுப்ப முடியாமல் போகலாம். புட்டியின் எண்ணையும் மூடியின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஏழு வயதுக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும்கூட.

அடுத்தது, மருந்தை வைக்கும் இடம். திறக்காத புட்டிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்துபோனால் அது வீண். ஃபிரிட்ஜ் உள்ள வீட்டில் ஐஸ் பெட்டியை ஒட்டி வைத்துக் கெடுப்பவர்கள் உண்டு. ஃபிரிட்ஜே இல்லாத வீட்டுக்கு மண்பானை. பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல். விதர்பாவின் வறண்ட வெயிலுக்கு இது நன்றாக வேலை செய்யும். கடலோரப் புழுக்கத்தில் ஈரம் ஆவியாகாது என்பதால் பலன் குறைவு. இந்த வேறுபாட்டையும் சொல்லித்தான் பானையைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது பாடத்தில்தான் அதிக உயிர்கள் போகின்றன. காய்ச்சல் வந்து பிள்ளை சாப்பிட மறுத்தால் "சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு" என்று பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காய்ச்சலின்போது உடலுக்கு இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடுகிறது. நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் சேர்ந்து வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, பழவாடை என்று முற்றிவிடும். வயிற்றுவலி என்று வேறு எதற்கோ சிகிச்சை செய்து காலம் கடத்துவதும் நடக்கிறது. அளவை மாற்றலாம், அடிப்படை இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது, அடிக்கடி சோதிக்க வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் உடனே மருத்துவமனை. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 15 கிராம் குளுகோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இவ்வளவையும் ஒரு அட்டையில் அடக்கிவிடலாம்.

கையில் ஊசி, பையில் அட்டை, பிள்ளைக்கு 13 வயது. "இனி நீயே பார்த்துக்கொள்" என்று விட்டுவிடலாமா? பல வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். பத்து வருடம் தூக்கம் கெட்டுப்போன தாய்க்கு அது ஒரு விடுதலை. ஆனால் சறுக்கல் அங்கேதான் ஆரம்பம். பருவ வயதின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்க்கின்றன. நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று போதவில்லை. பையனோ தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைக்கிறான், கருவியில் வந்த எண்ணை மறைக்கிறான், நோட்டுப் புத்தகத்தில் பொய் எண் எழுதுகிறான். 2016-18ல் திரட்டிய ஓர் அமெரிக்கப் பதிவேட்டில், ஐந்து வயதுக் குழந்தைகளிடம் 8.1 சதவீதமாக இருந்த மூன்று மாதச் சராசரி அளவு 15 முதல் 18 வயதுக்குள் 9.3க்கு ஏறியிருந்தது. இலக்கோ 7. வசதியிலும் கருவிகளிலும் குறைவில்லாத நாட்டிலேயே இப்படி.

பாஸ்டனில் ஜாஸ்லின் மையத்தில் உளவியலாளர் பார்பரா ஆண்டர்சன் 1990களில் செய்த ஆய்வுகள் இதற்கு வழி காட்டின. பொறுப்பை ஒரே நாளில் கைமாற்றாமல் பங்கிட்டுக்கொள்வது. ஊசியைப் பிள்ளை போடட்டும், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். எண்ணைப் பார்த்ததும் "எதைத் தின்றாய்?" என்று விசாரணை வேண்டாம், இப்போது என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பது போதும். நம் வீடுகளில் விசாரணை எளிது, சேர்ந்து யோசிப்பதுதான் வரமாட்டேன் என்கிறது. கையில் ஒட்டிக்கொள்ளும் உணரியும் செல்பேசியும் வந்த பிறகு விசாரணை அலுவலகத்திலிருந்தே நடக்கிறது. மகள் கல்லூரி கேன்டீனில் ஒரு சமோசா தின்றால் அப்பாவின் போனில் மணி அடிக்கிறது. உணரியைக் கழற்றி எறிந்துவிடத் தோன்றினால் அவளைக் குறை சொல்ல முடியாது.

பெண் என்றால் இன்னொரு சுமையும் சேர்கிறது. கல்யாணத்துக்குத் தடையாகிவிடும் என்று நோயை ஒளித்துவைக்கிறார்கள். விருந்துக்குப் போன இடத்தில் குளியலறையில் ஊசி, அல்லது ஊசியே இல்லை. நாகபுரியில் டிரீம் அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, இன்சுலின் தந்து வருவதற்கு இந்தப் பாரபட்சமும் ஒரு காரணம். ஒளித்துவைக்காதவர்களும் உண்டு. 1997ல் நோய் தெரியவந்த வாசிம் அக்ரம் இரண்டு வருடம் கழித்து பாகிஸ்தான் அணிக்குத் தலைமையேற்று லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆடினார். சோனம் கபூர் தனக்கு 17 வயதில் வந்ததை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

அரசுகளில் கேரளம் முந்திக்கொண்டது. 2018ல் தொடங்கிய அதன் திட்டத்துக்குப் பெயர் மிட்டாயி. இனிப்பைத் தொடாதே என்று ஊரே மிரட்டும் பிள்ளைகளுக்கான திட்டத்துக்கு இப்படிப் பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும். இன்சுலினோடு சோதனைக் கருவியும் ஆலோசனையும் சேர்ந்தே தருகிறார்கள் என்பதுதான் அதன் சிறப்பு. ஜூன் 2022ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் டைப் 1 நீரிழிவுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றில் நோயாளிக்கான கல்வியும் சிகிச்சையின் ஒரு பகுதி. பல அரசு மருத்துவமனைகளில் அந்தக் கல்வியைத் தர ஆள் இல்லை. ஊசி போடும் நர்ஸ் இருக்கிறார், கற்றுக்கொடுக்கும் நர்ஸுக்குப் பதவியே உருவாக்கப்படவில்லை.

குழந்தைகள் நலப் பிரிவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய மருத்துவரிடமிருந்து, பிள்ளை வளர்ந்ததும் பெரியவர்களுக்கான நீரிழிவுப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு சீட்டு மட்டும் கூடப் போகிறது. அங்கே அறுபது வயதுக்காரர்களின் வரிசையில் கல்லூரி மாணவன் உட்கார்ந்திருக்கிறான். முறை வந்ததும் அவனுக்கும் அதே அறிவுரை: இனிப்பைக் குறை, தினமும் நட. சப்பாத்தி ஒன்றுக்கு ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து என்று கணக்குப் போட்டு அதற்கேற்ப யூனிட்டை மாற்றத் தெரிந்தவன் அவன். அடுத்த முறை அந்த வரிசைக்கு அவன் வருவதில்லை.